பொழுதுக்குப் பண்

திருச்சிற்றம்பலம்.



ஐந்தாம் திருநாளாகிய இன்று இடப வாகனக் காட்சி தொடங்குதற்கு இன்னும் இரண்டு நாழிகையே உள்ளது. அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்பது எனக்கு இடப்பட்டிருக்கும் கட்டளை. 'வாழ்வும் இசையும்' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். அதனைக் கண்டபோது எனக்கே நகை வந்தது. இசையைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? ஏழு சுரங்களின் பெயரை வரிசையாகச் சொல்லத் தெரியும். அவற்றை ஒலிக்கத் தெரியாது. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவன். பதிகங்களை உரையாக விளக்கியிருக்கிறேனே அன்றிப் பண்ணோடு பாடியவன் அல்லேன். ஆயினும் கேட்டவன். கேட்டதைச் சொல்லலாம் அன்றோ? கேளாமற் போனதையும் சொல்லலாம். பின்னதைச் சொல்லவே இன்று பெரிதும் எண்ணி வந்திருக்கிறேன்.

யான் பிறந்தது 1944ஆம் ஆண்டில், காவிரியின் கிளையாறு ஒன்றின் தென்கரையில் அமைந்த சிற்றூரில். பாடல் பெற்ற தலம் அன்று. ஒரு திருச்சுற்று, ஒரு சிறு கோபுரம், அதன்மேல் முளைத்த அரசங்கன்று, அவ்வளவுதான் கோயில். எங்கள் இல்லம் சந்நிதித் தெருவில் மூன்றாம் வீடு. அந்நாளில் ஊருக்கு மின்சாரம் வரவில்லை. கடிகாரம் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் அஞ்சலகத்தில் ஒன்றும் இருந்தன. இரண்டும் தம்முள் உடன்பட்டதை யான் கண்டதில்லை. ஊரார் அவ்விரண்டையும் பொருட்படுத்தவும் இல்லை. எங்களுக்குப் பொழுது சொன்னது கோயில் நாதசுரம்.

விடியற்காலையில் பூபாளம் எழும். அன்னையார் வாசலில் சாணம் தெளித்துக் கோலமிடத் தொடங்குவார். பூபாளம் ஓய்வதற்குள் கோலம் முடிய வேண்டும் என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நியதி. வித்துவான் சில நாள் நீட்டி வாசிப்பார். அன்று கோலமும் பெரிதாக இருக்கும். உச்சிக்காலத்தில் மத்தியமாவதி கேட்டவுடன் வயலில் நிற்பவர்கள் வரப்பேறுவார்கள். ஆற்று மணலில் விளையாடும் சிறுவர்களாகிய எங்கள் செவியில் மாலையில் பூர்விகல்யாணி வந்து விழும். அது விழுந்த பின்னும் மணலில் நின்றவனுக்கு வீட்டில் அடி நிச்சயம். அர்த்தசாமம் முடிந்து, அம்பலவாணரைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்கின்றபோது நீலாம்பரி. என் பாட்டியார் தங்கையைத் தொட்டிலில் இட்டுப் பாடிய தாலாட்டும் அதே சாயலில் இருக்கும். வித்துவான் எங்கள் பாட்டியிடமிருந்துதான் அதனைக் கற்றுக்கொண்டார் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

இப்பெயர்களை எல்லாம் இன்று சொல்கிறேனே அன்றி, அன்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் வைத்த பெயர்கள் வேறு. விளக்கு வைக்கிற மேளம், கஞ்சி மேளம், தூங்குகிற மேளம் என்போம். இசைவாணர்கள் இங்கே இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

பின்னாளில் நூல்களைப் பயின்றபோது ஒன்று கண்டு வியந்தேன். தேவாரப் பண்களை நம் முன்னோர் பகற்பண், இரவுப்பண், பொதுப்பண் என மூன்று கூறாக்கி வைத்திருக்கிறார்கள். புறநீர்மை பகற்பண், ஓதுவார்கள் இன்று அதனைப் பூபாளத்தில் பாடுகிறார்கள். மேகராகக்குறிஞ்சி இரவுப்பண், அது நீலாம்பரியில் பாடப்படுகிறது. செந்துருத்தி எப்பொழுதும் பாடுதற்குரிய பொதுப்பண். அதுவே மத்தியமாவதி என்பர். தேவாரம் முழுவதிலும் செந்துருத்தியில் அமைந்த பதிகம் ஒன்றே ஒன்றுதான். கண்ணிழந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், காஞ்சியில் ஒரு கண் பெற்று, மற்றொரு கண்ணுக்காகத் திருவாரூர்ப் பெருமானோடு வழக்காடிய பதிகம் அது. மங்கலமாக முடிக்க வேண்டி நம் கச்சேரிகளில் இறுதியில் பாடும் இராகத்தில், ஓர் அடியார் இறைவனை நேர்நின்று கடிந்துகொண்டிருக்கிறார்! இதனை நினைக்குந்தோறும் எனக்கு ஒரு மகிழ்ச்சி. வழக்காடுதற்குக் காலம் குறிக்கலாகாது என்றுதான் அதனைப் பொதுப்பண்ணில் வைத்தார்களோ என்று வேடிக்கையாக எண்ணிக்கொள்வேன். அது நிற்க.

ஒரு பண்ணுக்கும் ஒரு பொழுதுக்கும் இயற்கையிலேயே உறவு உண்டா, அன்றிப் பழக்கத்தால் வந்ததா என்பது அறிஞர்களிடையே வழக்காக உள்ள வினா. யான் பழக்கத்தின் பக்கம். ஆனால் ஐம்பது தலைமுறை பழகிய பழக்கத்துக்கும் இயற்கைக்கும் இடையே கோடு கிழிக்க யாரால் முடியும்? வடமொழியில் இராகம் என்னும் சொல்லுக்கே நிறம், சாயம் என்பது பொருள். எங்கள் ஊர்ப் பொழுதுகள் அவ்வாறு சாயம் தோய்ந்தவை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் இது காலை, இது மாலை என்று சொல்லிவிடலாம்.

அந்தச் சாயம் முதன்முதலில் வெளுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1953ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். ஒன்பது வயதுச் சிறுவன் யான். பாட்டி வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறேன். ஆற்றுப்பாலத்தைக் கடக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கு வைக்கிற மேளம் கேட்கவில்லை. ஓடினேன். சந்நிதித் தெருவில் நுழைந்தேன். கோயில் கதவு சாத்தியிருந்தது. தெருவில் இறந்தவர் உடலம் கிடக்கும்வரை நடை திறவார்கள் என்பதும் மேளம் ஒலியாது என்பதும் கிராமங்களில் வாழ்ந்த உங்களுக்குத் தெரியும். எவரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு வாசலில் கூட்டத்தைக் காண்பதற்கு முன்னரே, அந்த ஓசையின்மை எனக்குச் சொல்லிவிட்டது. இறந்தவர் என் தந்தையார்.

மறுநாள் மாலையில், எல்லாம் முடிந்து வந்த பிறகு, மீண்டும் பூர்விகல்யாணி எழுந்தது. அன்னையார் அதுவரை அழவில்லை. அதனைக் கேட்டபிறகே அழுதார். ஊர் தன் பொழுதுக்குத் திரும்பிவிட்டது என்று அவருக்கு அப்போது தோன்றியிருக்கலாம். யான் கேட்டதில்லை.

பெரியபுராணம் பயிற்றும்போது, அப்பர் பெருமானை நீற்றறையில் இட்ட பகுதி வரும். சுண்ணாம்புக் காளவாய், ஏழு நாள், வெளியே பல்லவ மன்னனின் ஆணை. உள்ளே இருப்பவர், இறைவன் திருவடி நிழலின் குளிர்ச்சிக்கு உவமை தேடுகின்றார். நிலவையும் காற்றையும் பொய்கையையும் எடுத்துக்கொள்கிறார்; வெப்பத்தில் கிடப்பவர்க்கு அவை தோன்றுதல் இயல்பே. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன், முதலாவதாக அவர் சொல்லும் உவமை வீணையின் ஒலி. தீயை அவிக்க நீர் முதலில் நினைவுக்கு வரவில்லை, நரம்பின் ஓசை வந்தது. மாணாக்கர்களிடம் இதனைப் பலமுறை அணிநயம் என்றே சொல்லிவந்தேன். அது நயம் மட்டும் அன்று என்பதை அறிய எனக்கு அறுபது வயது ஆக வேண்டியிருந்தது.

அதனைச் சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். என் பிழை ஒன்றையும் உடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

பணி காரணமாக நகரத்தில் வாழ்ந்தேன். அங்கே காலையில் வானொலியின் மங்கல இசைதான் எனக்குக் கோயில். 2002ஆம் ஆண்டு ஓய்வு பெற்று ஊர் திரும்பினேன். அன்னையாருக்குக் கண்ணில் நீரழுத்தம் கூடிப் பார்வை மங்கிக்கொண்டு வந்த காலம். கோயிலில் நான்கு காலப் பூசை தேய்ந்து இரண்டு காலமாகியிருந்தது. உச்சிக்கால மேளம் நின்று ஆண்டுகள் பலவாயின. ஆயினும் பழைய வித்துவானின் மகனார், தாமும் எழுபதை எட்டியவர், காலையிலும் இரவிலும் தவறாமல் வந்து வாசித்துவிட்டுப் போவார். மாதம் நூற்றைம்பது ரூபாயும் பருவத்துக்கு இரண்டு மூட்டை நெல்லும் அவருக்கு ஊதியம். தவில்காரர் திருவிழாவுக்கு மட்டும் வருவார். மற்ற நாளில் நாதசுரம் தனியே ஒலிக்கும்.

ஊர் திரும்பிய ஆசிரியனைச் சும்மா விடுவார்களா? கோயில் குழுவில் சேர்த்துவிட்டார்கள். 2004ஆம் ஆண்டு, அயல்நாட்டில் பணி செய்யும் ஊர்க்காரர் ஒருவர் கோயிலுக்கு ஒரு பொறி வாங்கித் தர முன்வந்தார். நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். ஓர் இரும்புச் சட்டத்தில் முரசும் மணியும் சேகண்டியும் பொருத்தியிருக்கும். பொத்தானை அழுத்தினால் சுழல்பொறி இயங்கி எல்லாவற்றையும் ஒருசேர அடிக்கும். அருச்சகருக்கு எளிது, காத்திருக்க வேண்டியதில்லை, ஆண்டுதோறும் ஊதியம் இல்லை. குழுவில் ஒருவர் மட்டும், "மேளக்காரர் என்ன செய்வார்?" என்று கேட்டார். வயதானவருக்கு ஓய்வு கொடுப்பது நல்லதுதானே என்று மறுமொழி சொன்னவன் வேறு யாரும் அல்லன், யான்தான். தீர்மானத்தில் இரண்டாவது கையொப்பம் என்னுடையது. அழகாகவே இட்டிருக்கிறேன்.

பெரியவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு திங்கள் வரையில் வழக்கமான நேரத்துக்குக் குளித்துத் திருநீறணிந்து வந்து, பொறி ஒலிக்கும்போது கொடிமரத்தருகே கைகூப்பி நின்றுவிட்டுப் போனார். பிறகு, மகனோடு இருக்கலாம் என்று நகரத்துக்குப் போய்விட்டார்.

அந்தக் கோடையில் அன்னையாரின் பார்வை முற்றும் மறைந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓர் இரவு, பள்ளியறைப் பூசைக்குப் பொறி ஒலித்து அடங்கியது. அன்னையார் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "பொழுது விடிஞ்சிடுச்சாப்பா? கோலம் போட்டாச்சா?" என்று கேட்டார். இல்லை அம்மா, அர்த்தசாமம் இது, என்றேன். படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் அதே ஒலி கேட்டதும், தூங்க வேண்டும், விளக்கைத் தணி என்றார். மூப்பினால் வந்த மயக்கம் என்று எண்ணினேன். மருத்துவரிடம் காட்டினேன், அறிவில் குறையில்லை என்றார். சில நாள் கழித்து அன்னையாரே சொன்னார்: "இப்பல்லாம் எந்த நேரமும் ஒரே மாதிரி அடிக்கிறாங்களே, மேளக்காரர் எங்கே போயிட்டாரு?"

அன்பர்களே, அப்போதுதான் விளங்கியது. கண்ணில்லாத அவருக்குக் காலை என்பது பூபாளம். இரவு என்பது நீலாம்பரி. வெயிலின் சூட்டாலும் பறவைகளின் குரலாலும் பொழுதை உணரலாமே எனலாம். உண்மைதான், ஓரளவு உணர்ந்தார். ஆனால் இன்ன பொழுது என்று உறுதியாகச் சொல்லி அவரை அமைதியாக இருக்கச் செய்தது அந்த ஓசை. அதனை யான் கையொப்பமிட்டு அகற்றிவிட்டேன். அவருக்கு என்ன மறுமொழி சொன்னேன் தெரியுமா? மேளக்காரருக்கு உடம்பு சரியில்லை, வந்துவிடுவார் என்றேன். எண்பதை நெருங்கிய தாயிடம், அறுபது வயது மகன், சிறுவனைப்போல் பொய் சொன்னேன்.

திருக்கோலக்காவில் ஞானசம்பந்தப் பிள்ளையார் பொற்றாளம் பெற்ற வரலாறு உங்களுக்குத் தெரியும். கையால் தாளமிட்டுப் பாடும் குழந்தையின் உள்ளங்கை சிவக்கும் என்று இறைவன் பொன்னால் தாளம் தந்தான். அத்தலத்து அம்மைக்கு ஓசை கொடுத்த நாயகி என்று திருப்பெயர். வெண்கலம் ஒலிக்கும், செம்பும் வெள்ளீயமும் கலந்தால் நாதம் பிறக்கும். பொன் அவ்வாறு ஒலியாது. தாளம் தந்தவன் ஒருவன், அதற்கு ஓசை தந்தவள் ஒருத்தி. எங்கள் கோயிற் பொறியிலோ ஓசைக்குக் குறைவில்லை, தெருமுனைவரையில் அதிரும். பொழுதுதான் இல்லை.

பெரியவரைத் தேடி நகரத்துக்குப் போனேன். மகனுடைய இல்லத்தின் திண்ணையில் அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அது எனக்குப் பெரிய தண்டனை. நடந்ததைச் சொன்னேன். "வாத்தியாரையா, பல்லெல்லாம் போயிடுச்சு. சீவாளி உதட்டிலே நிக்காது" என்றார். ஆயினும், அம்மாவைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லி ஒரு நாள் பேருந்தில் வந்தார். திரும்பிப் போவதற்கு மாலை வண்டியைப் பிடிக்க வேண்டும். ஆகவே பிற்பகல் மூன்று மணிக்கே அன்னையாரின் கட்டிலருகே அமர்ந்தார். என்ன பாட வேண்டும் என்று என்னைக் கேட்டார். நீலாம்பரி என்றேன். "பட்டப் பகல்லே நீலாம்பரியா?" என்று சற்றுத் தயங்கினார். பிறகு வாயாலேயே, சொல் ஏதும் இன்றி, பள்ளியறை வாசலில் வாசிப்பதுபோல் மெல்லப் பாடினார். கால் நாழிகை இருக்கும். அன்னையார் கேட்டுக்கொண்டே இருந்து, "சாமி படுத்துக்கிட்டாரா?" என்று வினவி, ஆமாம் என்றதும் தூங்கிப் போனார். நெடுநாளுக்குப் பின் விடியும்வரையில் தூங்கினார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

பண்ணுக்கும் பொழுதுக்கும் உறவு உண்டா என்னும் வினாவுக்கு யான் அறிந்த சான்று இஃது ஒன்றுதான். அறிஞர்கள் ஏற்பார்களோ மாட்டார்களோ அறியேன்.

அன்னையார் 2006ஆம் ஆண்டு தைத் திங்களில் இறைவன் திருவடி சேர்ந்தார். அன்று வழக்கப்படி கோயில் நடை சாத்தப்பட்டது. பொறியும் ஒலிக்கவில்லை. பாலத்தில் நின்று அந்த ஓசையின்மையைக் கேட்டறிந்த சிறுவன் இன்று இவ்வூரில் எவனாவது இருக்கிறானா என்று எண்ணிப் பார்த்தேன். பொறி நின்றது எவர் செவிக்கும் எட்டியதாகத் தெரியவில்லை. மின்தடை என்று எண்ணியிருப்பார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய நாற்பத்தெட்டுப் பிடாரர்களையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் ஆக ஐம்பதின்மரை அமர்த்தியதைக் கல்வெட்டு கூறுகிறது. ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல். நாம் பெருமையாக மேடையில் சொல்வது இவ்வளவே. ஆனால் அக்கல்வெட்டு அதனோடு நிற்கவில்லை. ஒருவர் இறந்துபட்டாலும் ஊர்விட்டுப் போனாலும் அவருடைய உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். உறவினர்க்குத் தகுதி இல்லையாயின் தகுதியுடைய வேறொருவரைக் கொள்ள வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. அரசன் நெல்லைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை. குரல் அறுந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டிருக்கிறான். நூற்றைம்பது ரூபாயை மிச்சப்படுத்திய எங்கள் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் அத்தகைய வரி ஒன்றும் இல்லை.

திருமுறை கண்ட வரலாற்றிலும் இதே கவலை உண்டு. தில்லையில் அறை திறந்து, செல்லரித்தவை போக எஞ்சிய ஏடுகளை நம்பியாண்டார் நம்பி எடுத்துத் தொகுத்தார். எழுத்துக் கிடைத்தது; பண் கிடைக்கவில்லை. பண் ஏட்டில் இராது அன்றோ? திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த எருக்கத்தம்புலியூருக்குச் சென்று, அவர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கண்டு, அவரைக் கொண்டு பண்ணடைவு அமைத்தார்கள் என்று வரலாறு சொல்கிறது. அந்த அம்மையாரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர் ஒருவர் இல்லாதிருந்தால் நம் கையில் இருப்பது வெறும் சொல்லாக இருந்திருக்கும். என்போன்ற தமிழாசிரியர்களுக்கு அது போதும், உரை எழுதிக்கொண்டிருப்போம்.

எங்கள் பெரியவரின் பேரன் கைப்பேசிக் கடையில் வேலை பார்க்கிறார். நல்ல பிள்ளை. நாதசுரத்தைத் தொட்டதில்லை, அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. 2007ஆம் ஆண்டு பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து மாதந்தோறும் பணம் இடுவது என்று முடிவு செய்து, அரசு இசைப் பள்ளியில் பயின்ற இளைஞர் ஒருவரை அமர்த்தினோம். பள்ளியில் அவர் கீர்த்தனங்களும் இராகங்களும் நன்றாகக் கற்றிருந்தார். கோயிலில் எங்கே எதை வாசிப்பது என்பது அவர் அறியாதது. தீர்த்தம் கொண்டு வரும்போது எந்த மல்லாரி, தளிகை வரும்போது எந்த மல்லாரி, எங்கள் ஊர் வீதியில் எந்த மூலையில் எந்த இராகம் தொடங்கும் என்பன எல்லாம் பெரியவரின் நெஞ்சிலே இருந்தன. மூன்று திங்கள் வாரந்தோறும் சென்று கேட்டு வந்தார். அடுத்த ஆண்டு பெரியவர் மறைந்தார். கேட்டது எவ்வளவு என்பது இளைஞருக்குத் தெரியும். கேளாமற் போனதை அளக்க இனி வழி இல்லை.

இன்றும் எங்கள் கோயிலில் காலையில் பூபாளமும் இரவில் நீலாம்பரியும் உண்டு. இளைஞராக வந்தவருக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. பத்து வீடு ஏழு வீடு ஆகியிருக்கிறது. மாலைக்குப் பொறிதான், அதனை விற்றுவிடலாம் என்று யான் சொன்னேன், குழு ஏற்கவில்லை. வாங்கியதற்குக் கையொப்பம் இட்டவர் விற்பதற்கு எப்படிச் சொல்லலாம் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மாலைக்கும் ஆள் அமர்த்த இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறேன்; வரும் சித்திரையில் குழு கூடும்போது மறுபடியும் கேட்பேன்.

எண்பதைக் கடந்த எனக்கு இப்போது செவி சற்று மந்தமாகிவிட்டது. பூபாளத்தின் மேல்சுரங்கள் கேட்கின்றன. கீழே இறங்கும்போது நழுவிவிடுகின்றன. நினைவிலிருந்து இட்டு நிரப்பிக்கொள்கிறேன்.

சொல்ல வேண்டிய வேறு சிலவும் உண்டு. ஆனாய நாயனார் கொன்றை நிழலில் நின்று குழலில் ஐந்தெழுத்தை வாசித்ததைச் சேக்கிழார் பெருமான் எவ்வளவு நுட்பமாகப் பாடியிருக்கிறார் என்று விரித்துரைக்கக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். அதற்கு நேரமில்லை. வாகன மண்டபத்தில் ஒத்து ஊதத் தொடங்கிவிட்டார்கள். உங்களுள் பலர் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கிறீர்கள். தவில் வார் இழுக்கும் ஓசையும் வருகிறது. இனிக் கம்பீரநாட்டையில் மல்லாரி எழும். எழுந்தருளும் பெருமான் கோபுர வாயில் கடக்கும்வரையில் வேறு இராகம் வராது. முன்வரிசையில் இருக்கும் குழந்தைகள் எழுந்து ஓடுகிறார்கள். அவர்களைத் தடுக்க வேண்டா. யானும் வருகிறேன்.

திருச்சிற்றம்பலம்.